டாலரில் இருந்த கோளாறு: ராபர்ட் ட்ரிஃபின் கதை

போன டிசம்பர் முழுக்க காலையில எழுந்ததும் நான் முதலில் பார்த்தது டாலர் ரேட். ஃபைனல் இயர்ல இருக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இது ஏன்னு சொல்லாமலே புரியும். எம்.எஸ் அப்ளிகேஷன் ஃபீஸ் டாலர்ல கட்டணும். லோன் ரூபாயில வாங்கி டாலர்ல செலவு பண்ணணும். ஜெர்மனிக்கு அப்ளை பண்ற என் ரூம்மேட் பக்கத்து கட்டில்ல உட்கார்ந்து யூரோ ரேட் பார்ப்பான். யாருடைய நம்பர் அதிகமா ஏறியிருக்குன்னு தினமும் ஒரு சண்டை.

அப்போதான் ஒரு கேள்வி வந்தது. அமெரிக்கா ஒரு நாடு. அது அச்சடிக்கிற நோட்டை உலகம் முழுக்க எல்லாரும் ஏன் சேர்த்து வைக்கணும்? இது இப்படியே ஓடுமா? தேடிப் போனதில் ஒரு பெல்ஜியம்காரர் கிடைத்தார். பெயர் ராபர்ட் ட்ரிஃபின். நான் பார்க்கிற டாலர், ரூம்மேட் பார்க்கிற யூரோ, ரெண்டுமே அவருடைய வாழ்க்கைக்குள் வருகிறது. நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். அந்நியச் செலாவணி என்ற வார்த்தையையே இந்தக் கட்டுரைக்காகத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் பயப்படாம படிங்க, எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

ட்ரிஃபின் பிறந்தது 1911 அக்டோபர் 5, பெல்ஜியத்தில் ஃப்ளோபெக் என்கிற சின்ன ஊரில். அவருக்கு மூணு வயசு ஆகும்முன் முதல் உலகப்போர் வந்து, ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்துவிட்டது. பின்னாளில் அவர் போரையே வெறுக்கிற ஆளாக இருந்ததுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. லூவேன் பல்கலைக்கழகத்தில் சட்டமும் பொருளாதாரமும் படித்தார். அவர் படித்து முடிக்கிற நேரம், 1935 மார்ச்சில், பெல்ஜியம் தன் ஃபிராங்கின் மதிப்பை 28 சதவீதம் குறைத்தது. எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் லூவேன் பேராசிரியர்கள். அந்தக் கணக்கு வேலையில் ட்ரிஃபினும் இருந்தார். நம்ம வயசை விட ரெண்டு மூணு வயசுதான் கூட. ஒரு நாட்டின் பணத்தோட மதிப்பு என்பது யாரோ சில பேர் மேஜையில உட்கார்ந்து போடுகிற கணக்கு என்பதை அவர் அப்பவே பக்கத்தில இருந்து பார்த்துவிட்டார்.

அதே வருஷம் ஸ்காலர்ஷிப்பில் ஹார்வர்டு. அங்கே ஷும்பீட்டர் மாதிரி பெரிய தலைகளிடம் படித்து 1938-ல் டாக்டர் பட்டம். ஆராய்ச்சி என்னவோ சந்தைப் போட்டி பற்றிய சுத்தமான தியரி. பணத்துக்கும் அதுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் பாடம் எடுத்துவிட்டு மறுபடி ஹார்வர்டு வந்தார். 1940 மே மாதம் பெல்ஜியத்தை ஜெர்மனி மறுபடியும் பிடித்தது. அவர் அமெரிக்காவிலேயே தங்கி, 1942-ல் அந்த நாட்டுக் குடிமகனும் ஆனார்.

அதே 1942-ல் அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வில் வேலை. லத்தீன் அமெரிக்கப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். இந்தப் பகுதியை யாரும் அதிகமா பேசுவதில்லை, எனக்கு இது பிடித்தது. அவருக்கு முன்னாடி 1920-களில் கெம்மரர் என்று ஒரு பிரின்ஸ்டன் பேராசிரியர் இருந்தார். கொலம்பியா, சிலி, ஈக்வடார், பொலிவியா என்று நாடு நாடாகப் போய், எல்லாருக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தவர்: தங்கத்தோடு உங்க பணத்தைக் கட்டுங்க, மத்திய வங்கி அந்த விதியை மீறக் கூடாது. கேட்க ஒழுங்கா இருக்கும். ஆனா இந்த நாடுகள் விற்பது தாமிரம், ஈயம், காபி, வாழைப்பழம் மாதிரி சரக்கு. உலகச் சந்தையில் விலை விழுந்தால் அந்த வருஷம் வருமானம் போச்சு. தங்கம் வெளியே போகும். விதிப்படி உள்ளூரிலும் பணத்தைச் சுருக்கணும். ஏற்கெனவே அடி வாங்கினவனை இன்னொரு அடி அடிக்கிற மாதிரி.

பராகுவேக்குப் போன ட்ரிஃபின் வேற மாதிரி செய்தார். வந்த அடி தற்காலிகமானதா, அடிப்படையிலேயே கோளாறா என்று முதலில் பிரிக்கணும் என்றார். தற்காலிகம் என்றால் கையிருப்பை எடுத்துச் செலவு பண்ணு, தேவைப்பட்டால் அந்நியச் செலாவணிக்குக் கட்டுப்பாடு போடு, உள்ளூர் ஆட்களைப் பட்டினி போடாதே. அர்ஜென்டினா மத்திய வங்கியை நடத்தி அனுபவப்பட்ட ரவுல் பிரெபிஷ் போன்ற அந்த ஊர் ஆட்களையும் கூட வைத்துக்கொண்டார். 1944-ல் பராகுவேயின் புதுச் சட்டங்கள் வந்தன. வாஷிங்டனிலிருந்து போன ஒருத்தர், வாஷிங்டனுக்கு வசதியான மருந்தை எழுதாமல் வந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

போர் முடிந்ததும் புதுசாக ஆரம்பித்த ஐ.எம்.எஃப்-பில் சேர்ந்தார். 1948-ல் அதன் பிரதிநிதியாக ஐரோப்பா அனுப்பினார்கள். அங்கே நிலைமையைப் பாருங்க. யாரிடமும் டாலர் இல்லை, தங்கம் இல்லை. ஒரு நாட்டுப் பணத்தை இன்னொரு நாடு வாங்காது. அதனால் இரண்டிரண்டு நாடுகளாக ஒப்பந்தம் போட்டு, கிட்டத்தட்ட பண்டமாற்று மாதிரி வியாபாரம். இப்படி 200-க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள். பிரான்ஸுக்கு இத்தாலியிடம் வரவு இருக்கும், பெல்ஜியத்திடம் கடன் இருக்கும். ஆனா அந்த வரவை எடுத்து இந்தக் கடனை அடைக்க முடியாது. ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியா கணக்குத் தீர்க்கணும். தீர்க்க முடியாதபோது வியாபாரத்தையே நிறுத்திடுவார்கள்.

நீங்க கோவா டிரிப் போய்ட்டு வந்து ஸ்ப்ளிட்வைஸ் பார்த்திருப்பீங்க. 12 பேர், யார் யாருக்கோ எவ்வளவோ தரணும். அதில் கடனைச் சுருக்கும் பட்டனை அழுத்தினால், நாற்பது பரிமாற்றம் நாலாகிவிடும். ட்ரிஃபின் ஐரோப்பாவுக்குக் கேட்டது அந்தப் பட்டனைத்தான். ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தீர்க்க வேண்டாம். எல்லாருடைய வரவு செலவும் மாசத்துக்கு ஒருமுறை ஒரே இடத்துக்கு வரட்டும், மிச்சத்தை மட்டும் அந்த ஒரே கணக்கோடு தீருங்க, அதிலும் ஒரு பகுதியைக் கடனாக வைத்துக்கொள்ளலாம்.

ஐ.எம்.எஃப்-புக்கு இதில் ஆர்வம் இல்லை. அமெரிக்கக் கருவூலத்துக்கோ எதிர்ப்பே இருந்தது. டாலரை வெளியே நிறுத்திவிட்டு ஐரோப்பா தனிக் கூட்டமாகிவிடும் என்ற பயம். ட்ரிஃபின் ஐ.எம்.எஃப்-பை விட்டுவிட்டு, மார்ஷல் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்த அமெரிக்க அமைப்புக்குப் போனார். அங்கே இருந்தபடி இந்தத் திட்டத்தைத் தள்ளினார். 1950-ல் ஐரோப்பியப் பணத்தீர்வு ஒன்றியம் பிறந்தது. 18 நாடுகள். கணக்கு எழுதியது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கி. 1958 கடைசியில் ஐரோப்பியப் பணங்களை மறுபடி தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தபோது, வேலை முடிந்தது என்று அதை மூடினார்கள். வேலை முடிந்ததும் மூடப்பட்ட ஓர் அமைப்பு! நம்ம காலேஜில் அஞ்சு வருஷம் முன்னாடி நடந்த சிம்போசியத்தின் கமிட்டி இன்னும் இருக்கு.

1951-லிருந்து யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவர் பெயர் இன்னைக்கும் நிற்கிற வேலை இங்கேதான் நடந்தது. கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

1944-ல் பிரெட்டன் வுட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகள் கூடி ஒரு ஏற்பாடு செய்தன. எல்லா நாட்டுப் பணமும் டாலரோடு கட்டப்பட்டிருக்கும். டாலர் தங்கத்தோடு. ஒரு அவுன்ஸ் தங்கம் 35 டாலர். நம்ம சவரன் கணக்கில் 8 கிராம் 9 டாலர். (அம்மாவிடம் சொல்லாதீங்க, மனசு உடைஞ்சிடும்.) எந்த நாட்டு மத்திய வங்கியும் டாலரைக் கொண்டுவந்து கொடுத்தால் அமெரிக்கா தங்கம் தரும். அதனால் எல்லாரும் தங்கத்துக்குப் பதில் டாலரையே கையிருப்பாக வைத்தார்கள்.

இப்போ ஒரு ஹாஸ்டலை நினைச்சுக்கோங்க. யு.பி.ஐ கிடையாது, யாரிடமும் காசு கிடையாது. கேன்டீன் அண்ணன் டோக்கன் அடிக்கிறார். ஒரு டோக்கன் கொண்டு வந்தா எந்த நேரமும் ரெண்டு பரோட்டா நிச்சயம். அண்ணன் மேல எல்லாருக்கும் நம்பிக்கை. அதனால் டோக்கனே காசாகிவிடுகிறது. ஜெராக்ஸுக்கு டோக்கன், ரெக்கார்டு எழுதித் தர்றவனுக்கு டோக்கன், முடி வெட்ட டோக்கன். ஜூனியர் பசங்க வர வர டோக்கன் அதிகமா வேணும். புது டோக்கன் எப்படி வெளியே வரும்? அண்ணன் தன் வரவை விட அதிகமா செலவு பண்ணி, பால்காரருக்கும் காய்கறிக்காரருக்கும் புது டோக்கன் கொடுத்தால்தான் வரும். ஆனா அவரிடம் இருக்கிற மாவு 100 டோக்கனுக்குத்தான். வெளியே 60 டோக்கன் இருக்கும்வரை யாருக்கும் கவலை இல்லை. 100 ஆச்சு, 200 ஆச்சு, 300 ஆச்சு. ஒரு ராத்திரி எவனோ ஒருத்தன் யோசிப்பான்: நாளைக்கு எல்லாரும் வந்து கேட்டா? நான் இன்னைக்கே போய் வாங்கிடறேன்.

சரி, அண்ணன் உஷாராகி புது டோக்கன் விடுவதை நிறுத்தினால்? மாவு பத்திரம். ஆனா ஹாஸ்டலில் வாங்கல் விற்றல் நின்றுபோகும், டோக்கனுக்கே பஞ்சம்.

டோக்கன் டாலர், மாவு தங்கம், அண்ணன் அமெரிக்கா. இதுக்குத்தான் பின்னால் ட்ரிஃபின் டைலமா என்று பெயர் வந்தது. உலகத்துக்குத் தேவையான டாலரை அமெரிக்கா வெளியே விட்டுக்கொண்டே இருந்தால் டாலர் மேல நம்பிக்கை போகும். நிறுத்தினால் உலக வியாபாரம் மூச்சுத் திணறும். யாரும் தப்பு செய்யாமலே, எல்லாரும் விதிப்படி நடந்தாலே, இது உடையும். நம்ம பாஷையில் சொன்னால் ஆபரேட்டர் மேல பழி போட முடியாது, டிசைனே அப்படி.

1959 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸின் கூட்டுப் பொருளாதாரக் குழு முன்னால் போய் இதைச் சொன்னார். மறு வருஷம் தங்கமும் டாலர் நெருக்கடியும் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. வாதத்துக்கு முதுகெலும்பு அமெரிக்காவின் சொந்தக் கணக்குப் புத்தகம்தான். 1949-ல் அமெரிக்காவிடம் சுமார் 2,450 கோடி டாலர் மதிப்புள்ள தங்கம் இருந்தது. 1960 கடைசியில் அது சுமார் 1,780 கோடி. வெளிநாட்டார் கையில் இருந்த டாலர் இந்தத் தங்கத்தைத் தாண்டுகிற கட்டம் அது. அந்த நேரம் பார்த்து 1960 அக்டோபரில் லண்டன் சந்தையில் தங்கம் 40 டாலரைத் தொட்டது. நிறைய பேர் அப்போதான் புத்தகத்தைக் கையில் எடுத்திருப்பார்கள்.

குறை சொல்வதோடு அவர் நிற்கவில்லை. ஒரு நாட்டின் பணத்தைக் கையிருப்பாக வைக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்க, நாடுகள் தங்கள் கையிருப்பை ஐ.எம்.எஃப்-பில் டெபாசிட்டாக வைக்கட்டும், உலக வியாபாரம் வளரும் அளவுக்கு வருஷம் 3 முதல் 5 சதவீதம் அந்தக் கையிருப்பு வளரும்படி ஐ.எம்.எஃப் கடன் கொடுக்கட்டும் என்றார். 1940-களில் கெய்ன்ஸ் சொல்லி எடுபடாமல் போன யோசனைக்கு இது நெருங்கிய சொந்தம்.

கென்னடி ஆட்சி வந்தது. ட்ரிஃபினின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆனா கருவூலத்தில் இருந்தவர்கள் எடுத்தது வேற வழி: ஒட்டுப் போடுவது. 1961-ல் எட்டு நாடுகள் சேர்ந்து லண்டனில் தங்கத்தை விற்று விலையை 35-ல் பிடித்து வைக்க ஒரு கூட்டு ஏற்பாடு. மத்திய வங்கிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றுக் கடன். கடைசித் தேதிக்கு முதல் நாள் ராத்திரி நாம கோடுக்குப் போடுகிற ஒட்டு இதைவிட மோசமா இருக்கும் என்பதால் அவர்களைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. 1968 மார்ச்சில் அந்தத் தங்க ஏற்பாடு சரிந்தது.

எல்லாரும் ட்ரிஃபினை ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்காதீங்க. பிரான்ஸின் ழாக் ருயெஃப் நோயை ஒப்புக்கொண்டு மருந்தை மறுத்தார், பழையபடி தங்கத்துக்கே போவோம் என்றார். 1966-ல் கிண்டில்பெர்கர் உள்ளிட்ட மூணு பேர் நோயே இல்லை என்று எழுதினார்கள். அமெரிக்கா உலகத்துக்கு ஒரு வங்கி மாதிரி, டெபாசிட்டை வாங்கி நீண்டகாலக் கடன் கொடுக்கிறது, எந்த வங்கியிலும் டெபாசிட் அளவுக்கு ரொக்கம் இருக்காதே என்பது அவர்கள் வாதம். இது எனக்குக் கொஞ்சம் நியாயமாவே படுகிறது. வியட்நாம் போர்ச் செலவும் விலைவாசியும்தான் டாலரை இழுத்துவிட்டது, வெறும் டிசைன் கோளாறு இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

1969-ல் ஐ.எம்.எஃப் ஒருவழியாக எஸ்.டி.ஆர் என்று ஒரு சர்வதேசக் கையிருப்பை உருவாக்கியது. ட்ரிஃபினின் யோசனையில் பாதி அது. டாலருக்குப் பதிலாக வர வேண்டியது டாலருக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்தது. அதுவும் ஒதுக்கீட்டு அளவுப்படி பங்கு போட்டதில் பெரும்பகுதி பணக்கார நாடுகளுக்கே போனது. ஏழை நாடுகள் கஷ்டப்பட்டுச் சேர்த்த கையிருப்பை டாலரில் வைப்பது, அவர்கள் பணக்கார அமெரிக்காவுக்குக் கடன் கொடுப்பது மாதிரி என்பது அவருடைய நிரந்தரக் கோபம்.

1971-ல் அமெரிக்கத் தங்கம் சுமார் 1,000 கோடி டாலருக்கு இறங்கியிருந்தது. ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நிக்சன் டி.வி-யில் வந்து, இனிமேல் டாலருக்குத் தங்கம் தர மாட்டோம் என்று அறிவித்தார். கேன்டீன் கதவு சாத்தப்பட்டது. காங்கிரஸ் முன்னால் ட்ரிஃபின் பேசி பன்னிரண்டு வருஷம் முடிய ரெண்டு மாசம் பாக்கி.

இதோடு நிறுத்தினால் தீர்க்கதரிசி கதை ஆகிவிடும். அவர் எதிர்பார்க்காத ஒன்று அதுக்கப்புறம் நடந்தது. பரோட்டா கிடையாது என்று சொன்ன பிறகும் டோக்கன் செல்லுபடி ஆனது! இன்னைக்கும் உலக மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் பாதிக்கு மேல் டாலர்தான். நம்ம ரிசர்வ் வங்கியிடமும் நிறைய இருக்கிறது. தங்கம் என்ற கடிவாளம் போனதும் டாலர் கையிருப்பு முன்னைவிட வேகமா வீங்கியது. இதைப் பார்த்து அவருக்கு எரிச்சல்தான் வந்தது. 1980-களில் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே, உலக நாணய அமைப்பின் பெயரில் கடைசியாக வருகிற எஸ் சிஸ்டமா ஸ்கேண்டலா என்று கேட்டுவைத்தார். 2009-ல் சீன மத்திய வங்கித் தலைவர் ஜோ சியாவ்சுவான் டாலரை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று எழுதியபோது, ட்ரிஃபின் பெயரைத்தான் எடுத்தார்.

உலகம் கேட்கவில்லை என்றதும் ட்ரிஃபின் தன் பழைய ஊர்ப் பக்கம் திரும்பினார். ஒன்றியக் கணக்கு ஐரோப்பாவில் ஒருமுறை வேலை செய்திருக்கிறதே. ழான் மொனேயின் குழுவுக்கு ஆலோசகராக இருந்து, ஐரோப்பிய நாடுகள் தங்கள் கையிருப்பில் ஒரு பங்கைப் பொதுவாக வைக்கட்டும், தங்களுக்குள் ஒரு பொதுப் பணத்தை வளர்க்கட்டும் என்று வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். 1977-ல் யேலை விட்டு பெல்ஜியத்துக்குக் குடிபெயர்ந்தார், பழைய குடியுரிமையையும் திரும்ப வாங்கினார். 1979-ல் ஐரோப்பிய நாணய அமைப்பும் எக்யூ என்ற கணக்குப் பணமும் வந்தன. எக்யூவை யாரும் பர்ஸில் வைக்க முடியாது, கணக்கில் மட்டும்தான் இருக்கும். 1989-ல் பெல்ஜிய அரசர் அவருக்கு பேரன் பட்டம் கொடுத்தார். (தாத்தா பேரன் இல்லை, பிரபு மாதிரி ஒரு பட்டம்.) நோபல் கிடைக்கவில்லை.

1992 பிப்ரவரியில் ஒரே பணத்துக்கான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே செப்டம்பரில் சந்தை அடித்த அடியில் பிரிட்டனின் பவுண்டும் இத்தாலியின் லிராவும் ஐரோப்பிய மாற்று விகித ஏற்பாட்டிலிருந்து வெளியே விழுந்தன. ஒரே பணம் என்ற பேச்சே இனி எடுபடாது என்று பலர் நினைத்த நேரம் அது. ட்ரிஃபின் 1993 பிப்ரவரி 23 அன்று ஆஸ்டெண்ட் என்ற கடற்கரை ஊரில் இறந்தார். வயசு 81. ஒப்பந்தம் அமலுக்கு வர இன்னும் எட்டு மாசம் இருந்தது. யூரோ நோட்டு ஆட்கள் கைக்கு வர இன்னும் ஒன்பது வருஷம்.